மோட்டார் கெளம்புற முதல் பத்து மில்லி செகண்டும் டிஜிட்டல் டிரிகரும்

பாபநாசம் பக்கம் எங்க பெரியப்பா வயல்ல ஒரு 7.5 எச்பி சப்மெர்சிபிள் மோட்டார், ரெண்டு வருஷத்துல ரெண்டு தடவ காயில் போயிடுச்சு. ரெண்டு தடவயும் குறுவைக்கு நாத்து விட்டு பத்து நாள் கூட ஆகாத நேரம், மேட்டூர் தண்ணி இன்னும் எங்க வாய்க்காலுக்கு எட்டல, போர் தண்ணிய நம்பித்தான் நாத்தங்கால் நிக்குது. கும்பகோணத்துல ரீவைண்டிங் பண்ற அண்ணன்கிட்ட மோட்டார தூக்கிட்டு போனப்ப அவரு கருகின காயில திருப்பி திருப்பி பாத்துட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாரு, "தம்பி, இது ஓடும்போது போச்சா, கெளம்பும்போது போச்சா?" யாருக்கும் தெரியல. அந்த மோட்டார் ஆட்டோ ஸ்டார்டர்ல ஓடுது, ராத்திரி ரெண்டு மணிக்கு மும்முனை கரண்ட் வந்தா அதுவா கெளம்பும், அந்த நேரத்துல மோட்டார் கொட்டாய்ல யாரு இருக்கப் போறாங்க.

நான் வேல பாக்குறது அளவெடுக்குற கருவிங்களோடதான், டேட்டா அக்விசிஷன் கார்டு, சென்சார், கேபிள்னு நாள் முழுக்க அதுதான். அப்படி இருந்தும் அண்ணன் கேட்ட கேள்விக்கு பதில் எடுக்க எனக்கு மூணு ராத்திரி ஆச்சு, அந்த மூணு ராத்திரியும் கத்துக்கிட்டது எல்லாம் டிரிகர்ங்கற ஒரே விஷயத்த சுத்தித்தான், அதாவது பதிவ இந்த நொடிலேர்ந்து ஆரம்பின்னு கருவிக்கு சொல்ற சிக்னல். தஞ்சாவூர் திருச்சி பக்கம் காலேஜ்ல ப்ராஜெக்ட் பண்ற பசங்க நெறைய பேர பாக்குறேன், சென்சாருக்கு காசு செலவழிக்கிறாங்க, சாம்ப்ளிங் ரேட்ட (செகண்டுக்கு எத்தன தடவ அளக்குறதுங்கறத) பத்தி மணிக்கணக்கா பேசுறாங்க, ஆனா எந்த நொடிலேர்ந்து பதிவு பண்ணணும்ங்கறத மட்டும் ஸ்கிரீன்ல இருக்குற ஸ்டார்ட் பட்டன்கிட்ட விட்டுடுறாங்க. அதுக்காகத்தான் கொஞ்சம் விரிவா எழுதுறேன்.

டேட்டா அக்விசிஷன்னா பெரிய வித்தை ஒண்ணும் இல்ல, சென்சார் குடுக்குற வோல்டேஜ குறிப்பிட்ட இடைவெளில எண்ணா மாத்தி வரிசையா எடுத்து வைக்கிறது, அவ்வளவுதான். அந்த ஒவ்வொரு எண்ணும் ஒரு சாம்பிள். செகண்டுக்கு 10,000 சாம்பிள்னா ரெண்டு சாம்பிளுக்கு நடுவுல 100 மைக்ரோ செகண்ட். நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ், ஒரு சைக்கிள் 20 மில்லி செகண்ட், அப்ப ஒரு சைக்கிளுக்கு 200 புள்ளி கெடைக்கும், மோட்டார் கரண்டோட வடிவத்த பாக்க அது தாராளம்.

பிரச்சனை என்னன்னா மோட்டார் கெளம்புறது ரொம்ப சுருக்கமான சமாச்சாரம். ஓடும்போது பதினஞ்சு ஆம்பியர் கிட்ட எடுக்குற மோட்டார் நேரா லைன்ல போட்டா கெளம்பும்போது அஞ்சாறு மடங்கு எடுக்கும், ஏன்னா ரோட்டார் நின்னுட்டு இருக்கும்போது எதிர்த்து தள்ளுற வோல்டேஜ் ரொம்ப கம்மி. அதுலயும் உச்சபட்சம் வர்றது பெரும்பாலும் முதல் அரை சைக்கிள்ல, அதாவது முதல் 10 மில்லி செகண்ட்ல. காண்டாக்டர் (ஸ்டார்டருக்குள்ள மோட்டாருக்கு கரண்ட சேத்து விடுற காந்த சுவிட்ச்) ஒட்டுற அந்த கணத்துல சப்ளை வோல்டேஜ் அலை எந்த இடத்துல இருக்கோ அத பொறுத்து அந்த முதல் கூம்பு ஒருக்கா ஒசரமா வரும், ஒருக்கா கம்மியா வரும், ரெண்டு ஸ்டார்ட் ஒரே மாதிரி இருக்காது. சப்மெர்சிபிள் பம்ப்ல சுத்துற பாகம் லேசு, ஒரு செகண்டுக்குள்ளயே முழு வேகத்துக்கு வந்துடும். நடந்தது முடிஞ்சது எல்லாம் அதுக்குள்ள.

இப்ப லேப்டாப்ல ஒரு புரோகிராம் எழுதி, ஸ்டார்டர்லேர்ந்து ஒரு வயர இழுத்து, "வயர்ல சிக்னல் வந்துச்சா வந்துச்சா"ன்னு லூப்ல கேட்டுட்டே இருந்து, வந்த உடனே ரெக்கார்டிங் ஆரம்பின்னு எழுதுனா என்ன ஆகும்? நானும் முதல்ல அப்படித்தான் ஆரம்பிச்சேன். லூப் ஒரு சுத்து வர ஒரு நேரம், யூஎஸ்பி வழியா கேள்வி போய் பதில் வர ஒரு நேரம், நடுவுல விண்டோஸ் வேற ஏதோ வேலைக்கு போயிட்டு வர்ற நேரம், அப்புறம் கார்டுக்கு ஆரம்பின்னு சொல்ற கட்டளை போய் சேர ஒரு நேரம். எல்லாம் சேந்தா நல்ல நாள்ல சில மில்லி செகண்ட், கெட்ட நாள்ல அம்பது அறுபது. விண்டோஸ் ரியல் டைம் சிஸ்டம் கெடையாது, இவ்வளவு நேரத்துக்குள்ள கண்டிப்பா பதில் சொல்லுவேன்னு அது யாருக்கும் வாக்கு குடுக்கல. நமக்கு வேண்டிய கூம்பு முதல் பத்து மில்லி செகண்ட்ல வந்து போயிடுச்சு, ரெக்கார்டிங் ஆரம்பிச்சப்ப வெள்ளம் வடிஞ்ச வயலத்தான் பாக்குறோம்.

தாமதத்த கூட பொறுத்துக்கலாம், அந்த தாமதம் ஒவ்வொரு தடவையும் வேற வேறயா இருக்குறதுதான் பெரிய எழவு. எப்பவும் சரியா 30 மில்லி செகண்ட் லேட்டுன்னா கழிச்சுக்கலாம். ஒருக்கா 8, ஒருக்கா 43ன்னா எத கழிக்கிறது? பத்து ரெக்கார்ட எடுத்து ஒண்ணு மேல ஒண்ணு வெச்சு பாத்தா எதுவும் எதோடயும் பொருந்தாது.

டிஜிட்டல் டிரிகர்ங்கறது இந்த இடத்துல கம்ப்யூட்டர ஓரமா ஒக்கார வெச்சுடுது. கார்டுல ஒரு முனை இருக்கு, அதுல 0 வோல்ட்லேர்ந்து 5 வோல்ட்டுக்கு ஏறுற ஒரு விளிம்ப, இல்ல 5லேர்ந்து 0க்கு எறங்குற விளிம்ப, கார்டுக்குள்ள இருக்குற சர்க்யூட்டே கவனிச்சுட்டு இருக்கும். விளிம்பு வந்த உடனே சாம்பிள் கிளாக்க (ஒவ்வொரு சாம்பிளும் எப்ப எடுக்கணும்னு தட்டுற துடிப்ப) அதுவே தட்டி விட்டுடும், நடுவுல எந்த சாஃப்ட்வேரும் கெடையாது. கம்ப்யூட்டரோட வேல ரெண்டே ரெண்டு, முன்கூட்டியே "இந்த விளிம்பு வந்தா இவ்வளவு சாம்பிள் எடு"ன்னு சொல்லி வெச்சு கார்ட தயார் நெலைல நிறுத்துறது, அப்புறம் எல்லாம் முடிஞ்சப்புறம் டேட்டாவ வாங்கிக்கிறது. தயார் நெலைல நிறுத்துறதத்தான் ஆர்ம் பண்றதுன்னு சொல்லுவோம். ஆர்ம் ஆகுறதுக்கு முன்னாடி வந்த விளிம்பு வீண். அதனால கார்ட ஆர்ம் பண்ணிட்டுத்தான் மோட்டார் சுவிட்ச்சுல கைய வைக்கணும், இந்த வரிசைய மாத்தி பண்ணிட்டு டிரிகர் வரலன்னு தேடுறவங்கள நெறைய பாத்திருக்கேன்.

எவ்வளவு துல்லியம்னு கேட்டா, 20 மெகாஹெர்ட்ஸ் டைம்பேஸ் (கார்டுக்குள்ள ஓடுற அடிப்படை கடிகாரம்) உள்ள கார்டுல ஒரு துடிப்பு 50 நேனோ செகண்ட், விளிம்புக்கும் சாம்பிள் கிளாக் கெளம்புறதுக்கும் நடுவுல ஊசலாட்டம் அந்த அளவுலதான் இருக்கும். மில்லி செகண்ட் கணக்குல தடுமாறுன விஷயம் நேனோ செகண்டுக்கு வந்துடுது, அதுவும் எந்த விலையேறின கம்ப்யூட்டரும் இல்லாம.

இது ஒண்ணும் நேத்து வந்த யோசனை இல்ல. ஆசிலாஸ்கோப்ல முன்ன எல்லாம் திரைல கோடு தன்பாட்டுக்கு ஓடிட்டே இருக்கும், சிக்னலோட அத இழுத்து கட்டி நிக்க வைக்கணும், திரும்ப திரும்ப வர்ற அலைன்னாதான் அதுவும் முடியும். 1947ல டெக்ட்ரானிக்ஸ் 511 வந்தப்ப ட்ரிகர்டு ஸ்வீப் வெச்சு வந்துச்சு, சிக்னல் வந்தா மட்டும் கோடு ஓடும், ஒரே ஒரு தடவ வர்ற துடிப்ப கூட அது வர்ற நேரத்துலயே திரைல பிடிக்கலாம். சிக்னலே வந்து கோட்ட கெளப்பி விடுறதுங்கற அந்த யோசனைதான் இன்னைக்கு கைல அடங்குற யூஎஸ்பி டப்பா வரைக்கும் வந்திருக்கு.

எனக்கு இத புரிய வெச்சுக்க எங்க ஊரு சங்கீதத்துலயே ஒரு வார்த்தை இருக்கு, எடுப்பு. தாளம் விழுற எடத்துலயே பாட்டு ஆரம்பிச்சா சம எடுப்பு. பாட்டு முன்னாடியே ஆரம்பிச்சு தாளம் அப்புறம் விழுந்தா அதீத எடுப்பு. தாளம் விழுந்து கொஞ்சம் தள்ளி பாட்டு வந்தா அனாகத எடுப்பு. மூணுலயும் தாளம்தான் பூஜ்யம், பாட்டு எங்கேர்ந்து ஆரம்பிச்சாலும் அந்த ஒரு தட்ட வெச்சுத்தான் கணக்கு. திருவையாறுல ஆராதனைல அத்தனை பேரு ஒண்ணா ஒக்காந்து பாடும்போது எல்லாரும் ஒண்ணா சேர்றாங்கன்னா ஆளாளுக்கு கடிகாரம் பாத்து இல்ல, பொதுவான ஒரு தட்டு இருக்கு. டிரிகர் அந்த தட்டுதான்.

ஸ்டார்ட் டிரிகர்னா சம எடுப்பு மாதிரி, விளிம்பு வந்ததுலேர்ந்து பதிவு. அதுல ஒரு தாமதம் சேத்து, விளிம்பு வந்து இவ்வளவு நேரம் கழிச்சு ஆரம்பின்னு சொன்னா அனாகதம். ரெஃபரன்ஸ் டிரிகர்ங்கறது அதீதம், இதுலதான் எனக்கு ரொம்ப ஆச்சரியம். கார்டு முன்னாடியே சாம்பிள் எடுக்க ஆரம்பிச்சு ஒரு வட்டமான பஃபர்ல, அதாவது தற்காலிக மெமரில, போட்டுட்டே இருக்கும், ரொம்பினா பழசு மேல புதுச எழுதும், இப்படியே சுத்திட்டு இருக்கும்போது விளிம்பு வந்துச்சுன்னா அதுக்கு முன்னாடி இருந்த குறிப்பிட்ட எண்ணிக்கை சாம்பிள அப்படியே காப்பாத்தி வெச்சுக்கிட்டு மீதிய பின்னாடி எடுத்து சேத்துடும். நடந்ததுக்கு அப்புறம் திரும்பி, நடக்குறதுக்கு முன்னாடி என்ன இருந்துச்சுன்னு பாக்கலாம். நான் போட்டது செகண்டுக்கு 10,000 வீதம் மூணு பேஸுக்கும் (மும்முனை கரண்ட்ல வர்ற மூணு லைன்) ரெண்டு செகண்ட், அதுல முன்னாடி 100 மில்லி செகண்ட், அதாவது பேஸுக்கு 1,000 சாம்பிள் டிரிகருக்கு முந்தினது. மொத்தம் 60,000 எண்ணு, 16 பிட்டுன்னா 120 கிலோபைட் கூட தாண்டாது, இன்னைக்கு ஒரு போட்டோவுக்கு கூட இதவிட அதிகம் எடம் வேணும்.

ஸ்டார்ட் டிரிகர், ரெஃபரன்ஸ் டிரிகர் இந்த ரெண்டுக்கும் நடுவுல பலரு கவனிக்காத ஒரு வித்தியாசம் இருக்கு. ஸ்டார்ட் டிரிகர்ல விளிம்புதான் சாம்பிள் கிளாக்க கெளப்புது, அதனால முதல் சாம்பிள் விளிம்புலேர்ந்து எவ்வளவு தூரம்ங்கறது ஒவ்வொரு தடவையும் ஒண்ணுதான். ரெஃபரன்ஸ் டிரிகர்ல கிளாக் ஏற்கனவே ஓடிட்டு இருக்கு, விளிம்பு ரெண்டு சாம்பிளுக்கு நடுவுல எங்க வேணா வந்து விழலாம், அதனால ஒரு சாம்பிள் இடைவெளி அளவுக்கு, நம்ம கணக்குல 100 மைக்ரோ செகண்ட் வரைக்கும், பூஜ்யம் அசையும். மோட்டாருக்கு இது பொருட்டே இல்ல. ஆனா அல்ட்ராசோனிக் மாதிரி வேகமான சமாச்சாரத்துல பத்து ரெக்கார்ட சராசரி போட போனா இந்த அசைவு கூர்மையான எடத்த எல்லாம் மழுக்கிடும். இன்னொண்ணு, முன்னாடி வேணும்னு கேட்ட 1,000 சாம்பிள் சேர்றதுக்குள்ள விளிம்பு வந்துட்டா பொதுவா கார்டு அத கண்டுக்காது, அடுத்த விளிம்புக்குத்தான் காத்திருக்கும்.

மூணாவதா பாஸ் (pause) டிரிகர்னு ஒண்ணு இருக்கு, லைன் ஒசந்திருக்குற வரைக்கும் நிறுத்து, எறங்குனா எடுன்னு வாய்க்கால் மடை மாதிரி தெறந்து மூடுறது. அது விளிம்ப பாக்காது, நெலைய பாக்கும். இந்த கதைக்கு அது தேவைப்படல.

சரி, விளிம்ப எங்கேர்ந்து எடுக்குறது? மூணு எடம் யோசிச்சேன். ஒண்ணு மோட்டார் கரண்டையே ஒரு கம்பரேட்டர்ல (ஒரு அளவோட ஒப்பிட்டு பாக்குற சர்க்யூட்ல) விட்டு, இத்தன ஆம்பியர் தாண்டினா ஒரு துடிப்பு குடுன்னு பண்றது. பண்ணலாம், ஆனா கரண்டோட வடிவமே ஒவ்வொரு ஸ்டார்ட்லயும் மாறும்னு பாத்தோம்ல, அப்ப அது அந்த அளவ தாண்டுற நேரமும் மாறும், அளக்கப் போற பொருளையே அளவுகோலா வெச்சுக்கிட்ட மாதிரி ஆயிடும். ரெண்டாவது காண்டாக்டரோட ஆக்ஸிலரி காண்டாக்ட், அதாவது அதோட சேந்து அசையுற சின்ன துணை சுவிட்ச், மெயின் காண்டாக்ட் ஒட்டும்போது கூடவே இதுவும் ஒட்டும், ஆனா சரியா ஒண்ணா ஒட்டாது, ஒண்ணு ரெண்டு மில்லி செகண்ட் முன்ன பின்ன இருக்கும். மூணாவது காண்டாக்டர் காயிலுக்கு போற சப்ளை. காயிலுக்கு கரண்ட் போய் மெயின் காண்டாக்ட் ஒட்ட இந்த சைஸ் காண்டாக்டருக்கு பத்து இருபது மில்லி செகண்ட் ஆகும், அதனால ரெஃபரன்ஸ் டிரிகர் இல்லாத மலிவான கார்டா இருந்தா இங்கேர்ந்து எடுத்தா ஸ்டார்ட் டிரிகர்லயே கொஞ்சம் முன்கதை கெடைச்சுடும். ஆனா காயில் சப்ளை ஏசி, ஆப்டோகப்ளர் (சிக்னல ஒளி வழியா மட்டும் கடத்துற சிப்) பத்த வைக்க அலை கொஞ்சம் ஒசரணும், அது எந்த எடத்துல ஆரம்பிக்குதோ அத பொறுத்து விளிம்பு பல மில்லி செகண்ட் முன்ன பின்ன போகும். அதனால நான் ஆக்ஸிலரி காண்டாக்ட்டுக்கே போனேன்.

ஸ்டார்டர் டப்பாக்குள்ள 415 வோல்ட் இருக்கு, பக்கத்துல ஈரமான வரப்பு, கைல லேப்டாப். கார்டுக்கும் ஸ்டார்டருக்கும் நடுவுல நேரடி கம்பி தொடர்பு இருக்கவே கூடாது. ஆக்ஸிலரி காண்டாக்ட்ல ஒரு தனி 24 வோல்ட் சப்ளைய விட்டு, ஒரு ரெசிஸ்டர் வழியா பிசி817 ஆப்டோகப்ளரோட எல்ஈடிக்கு குடுத்து, அந்தப் பக்கம் டிரான்சிஸ்டர்ல 5 வோல்ட் புல்அப் (லைன சும்மா இருக்கும்போது 5 வோல்ட்ல பிடிச்சு வெக்கிற ரெசிஸ்டர்) போட்டு கார்டோட டிரிகர் முனைக்கு விட்டேன். ஒளி மட்டும்தான் நடுவுல கடக்குது. பத்து ரூபா சமாச்சாரம், உயிர காப்பாத்துறது அதுதான். டப்பாவ தொறக்குறதுக்கு முன்னாடி மெயின ஆஃப் பண்ணி ஃப்யூஸ் கேரியர கழட்டி கைல வெச்சுக்கிட்டு, லைன் டெஸ்டர்ல பாத்துட்டுத்தான் தொடணும், அதுவும் எலக்ட்ரீஷியன் கூட இருந்து.

முதல் ராத்திரி கார்ட ஆர்ம் பண்ணிட்டு வீட்டுக்கு வந்து படுத்துட்டேன். காலைல போய் பாத்தா திரைல ஒரு எர்ரர், மைனஸ் 200284. கேட்ட சாம்பிள் இன்னும் வரலன்னு அர்த்தம். நேஷனல் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் டிரைவர்ல டேட்டா படிக்கிற ஃபங்ஷனுக்கு நம்ம எதுவும் சொல்லலன்னா 10 செகண்டுதான் காத்திருக்கும், நான் ஆர்ம் பண்ணின பத்தாவது செகண்ட்லயே அது போதும்னு வெளிய வந்துடுச்சு, கரண்ட் வந்ததோ ஆறு மணி நேரம் கழிச்சு. டைம்அவுட்டுக்கு மைனஸ் 1 குடுத்தா எவ்வளவு நேரம் ஆனாலும் காத்திருக்கும். ராத்திரி பூரா காத்திருக்க வேண்டிய வேலைக்கு முதல்ல மாத்த வேண்டியது அந்த ஒரு எண்ணத்தான்.

ரெண்டாவது ராத்திரி ரெக்கார்ட் வந்துச்சு, ஆனா ஒண்ணும் புரியல. ஆரம்பத்துல அழகா சீரான சைன் அலை, டிரிகர் எடத்துக்கு வந்ததும் கரண்ட் பூஜ்யமாயி கடைசி வரைக்கும் தட்டையா கெடக்கு. எல்லா ரெக்கார்டும் அதே மாதிரி. அர மணி நேரம் பாத்துட்டு இருந்தப்புறம்தான் ஒறச்சுது, இது மோட்டார் கெளம்புற படம் இல்ல, நிக்கிற படம். புல்அப் போட்ட லைன் சும்மா இருக்கும்போது 5 வோல்ட்ல இருக்கும், காண்டாக்ட் ஒட்டி ஆப்டோ எரிஞ்சா 0க்கு எறங்கும், ஆக கெளம்புறது எறங்கு விளிம்பு. நான் புரோகிராம்ல ஏறு விளிம்புன்னு குடுத்திருந்தேன், அது மோட்டார் ஆஃப் ஆகும்போதுதான் வருது. ஆப்டோவும் புல்அப்பும் சேந்தா ஒரு தடவ கவுக்கும், அதுக்கு அப்புறம் 74எச்சி14 மாதிரி ஒரு இன்வெர்ட்டர் (0வ 5ஆவும் 5வ 0ஆவும் மாத்துற சிப்) போட்டா இன்னொரு தடவ கவுந்து நேராயிடும். வயர மாட்டினப்புறம் ஒரு மல்டிமீட்டர வெச்சு மோட்டார் நிக்கும்போது எத்தன வோல்ட், ஓடும்போது எத்தன வோல்ட்னு பாத்து பேப்பர்ல எழுதிட்டு அப்புறம் விளிம்ப தேர்ந்தெடுங்க, மனசுக்குள்ள கணக்கு போடாதீங்க.

அந்த 74எச்சி14 பேர சொன்னதால ஒரு கிளைக் கதை. அதுக்குள்ள இருக்குறது ஷ்மிட் டிரிகர், 1934ல ஓட்டோ ஷ்மிட்ங்கற அமெரிக்க மாணவர் கண்டுபிடிச்சது, அவரு ஆராய்ச்சி பண்ணிட்டு இருந்தது கணவாய் மீனோட நரம்புல துடிப்பு எப்படி ஓடுதுன்னு. நாகப்பட்டினம் கடற்கரைல கூடைல கெடக்குற கணவாயோட சொந்தம்தான். நரம்பு அரைகுறையா பதில் சொல்லாது, ஒரு அளவு தாண்டினா முழுசா துடிக்கும், இல்லன்னா சும்மா இருக்கும். ஷ்மிட் டிரிகரும் அப்படித்தான், ஏற ஒரு வோல்டேஜ், எறங்க வேற ஒரு வோல்டேஜ், ரெண்டுக்கும் நடுவுல எவ்வளவு ஆடினாலும் அது அசையாது. டிடிஎல் (5 வோல்ட் டிஜிட்டல் சிப்புங்களோட ஒரு வகை) உள்ளீட்டுல 0.8 வோல்ட்டுக்கு கீழ இருந்தா பூஜ்யம், 2 வோல்ட்டுக்கு மேல இருந்தா ஒண்ணு, நடுவுல இருந்தா எதுவும் சொல்ல முடியாது. கொட்டாய்லேர்ந்து இருபது மீட்டர் கேபிள் இழுத்தா அந்த நடு எடத்துலதான் சத்தம், அதாவது வயர்ல ஏறுற வேண்டாத வோல்டேஜ், எல்லாம் வந்து ஒக்காரும்.

சத்தம்னா, காண்டாக்டர் காயில் ஆஃப் ஆகும்போது ஒரு வோல்டேஜ் உதை குடுக்கும், அது பக்கத்துல போற எல்லா வயர்லயும் ஏறும். எனக்கு மோட்டார் சம்பந்தமே இல்லாத நேரத்துல கூட டிரிகர் அடிச்சுது. ஷீல்டு கேபிள் போட்டு, ஷீல்ட ஒரு முனைல மட்டும் எர்த் பண்ணி, காயிலுக்கு குறுக்க ஆர்சி ஸ்னப்பர் (அந்த உதைய அடக்குற ரெசிஸ்டர் கப்பாசிட்டர் ஜோடி) வெச்சப்புறம் அடங்குச்சு. சில கார்டுல டிரிகர் முனைக்கு டிஜிட்டல் ஃபில்டர் இருக்கும், விளிம்பு வந்து குறிப்பிட்ட நேரம் அப்படியே நிலைச்சு நின்னாதான் நம்பும், 2.56 மில்லி செகண்ட் வரைக்கும் வெக்கலாம். அந்த அளவு தாமதம் சேரும், ஆனா ஒவ்வொரு தடவையும் அதே தாமதம், கழிச்சுக்கலாம்.

காண்டாக்ட் பவுன்ஸ் பத்தியும் சொல்லணும். உலோகம் உலோகத்துல மோதும்போது ஒட்டி விலகி ஒட்டி சில மில்லி செகண்ட் துள்ளும், ஒரு விளிம்புக்கு பதிலா பத்து விளிம்பு வரும். ஒரே ஒரு தடவ எடுக்குற ஸ்டார்ட் டிரிகருக்கு இதனால கஷ்டமே இல்லன்னு எல்லாரும் சொல்லுவாங்க, முதல் விளிம்புலயே வேல முடிஞ்சுது, மீதி துள்ளல கார்டு கண்டுக்காது. பாதி உண்மை. மோட்டார் ஆஃப் ஆகும்போதும் காண்டாக்ட் துள்ளும், அந்த துள்ளல்ல ஏறு விளிம்பும் எறங்கு விளிம்பும் கலந்து வரும், அந்த நேரத்துல கார்டு அடுத்த ஸ்டார்ட்டுக்கு ஆர்ம் ஆகி காத்திருந்துச்சுன்னா நிக்கிறத கெளம்புறதுன்னு எடுத்துக்கும். இதுக்கும் அந்த ஃபில்டர்தான் மருந்து.

இதுக்கெல்லாம் விலையேறின கார்டுதான் வேணும்னு இல்ல. ஆர்டுயினோ யூனோல இருக்குற ஏடிமெகா328பி சிப்புலயே இந்த வசதி இருக்கு, பல பேரு தொடுறதே இல்ல. அனலாக்ரீட்னு எழுதினா அது சாஃப்ட்வேர் ஆரம்பிக்கிற கன்வர்ஷன், அதாவது வோல்டேஜ எண்ணா மாத்துறது. அதுக்கு பதிலா ஏடிசிய (அந்த மாத்துற வேலைய பண்ற பகுதிய) ஆட்டோ டிரிகர்ல போட்டு, ஆரம்பிக்கிற மூலமா வெளி இன்டரப்ட் 0ன்னு ரெஜிஸ்டர்ல எழுதிட்டா, 2ஆம் நம்பர் பின்னுல விளிம்பு வந்த உடனே சிப்பே கன்வர்ஷன ஆரம்பிக்கும், ஏடிசி கிளாக்க உண்டாக்குற ப்ரீஸ்கேலர் கூட அந்த நேரத்துல முதல்லேர்ந்து ஆரம்பிக்கும், அதனால விளிம்புலேர்ந்து சாம்பிள பிடிக்கிற நேரம் எப்பவும் ரெண்டு ஏடிசி கிளாக், வழக்கமான 125 கிலோஹெர்ட்ஸ்ல 16 மைக்ரோ செகண்ட். ஒரு விஷயம் மறக்கக் கூடாது, இன்டரப்ட் ஃபிளாக நம்ம அழிச்சாதான் அடுத்த விளிம்பு வேல செய்யும், இல்லன்னா முதல் தடவையோட நின்னுடும். ரேம் 2 கிலோபைட்தான், அதனால மோட்டாரோட முழுக்கதைய அதுல எழுத முடியாது, ஒரு பேஸ கொஞ்ச நேரம் பாக்கலாம். பள்ளிக்கூட காலேஜ் லேபுக்கு டெல்லி ஐயுஏசி (இன்டர் யுனிவர்சிட்டி ஆக்சிலரேட்டர் சென்டர்) பண்ணின எக்ஸ்ப்ஐஸ் கருவி இருக்கு, அதுல இதையே வேற தெசைலேர்ந்து பண்ணுவாங்க. ஒரு டிஜிட்டல் அவுட்புட்ட கருவியே ஒசத்தி, அதே கையோட கேப்சர ஆரம்பிச்சுடும், கப்பாசிட்டர் சார்ஜ் ஆகுற கோடு ஒவ்வொரு தடவையும் ஒரே எடத்துலேர்ந்து கெளம்பும். பூஜ்யத்த நம்மளே உண்டாக்க முடியும்னா அதவிட சுலபமான டிரிகர் இல்ல.

மழைமானிலயும் இதுதான் நடக்குது. டிப்பிங் பக்கெட் மானில சின்ன வாளி ரொம்பி கவுறும்போது ஒரு காந்தம் ரீட் சுவிட்ச்ச தாண்டி போகும், ஒரு துடிப்பு, அதுக்கு பொதுவா 0.2 இல்ல 0.5 மில்லிமீட்டர் மழைன்னு கணக்கு. ஐப்பசி கார்த்திகைல அடை மழை பெய்யும்போதும் சரி, மாசி பங்குனில வானம் வெறிச்சு கெடக்கும்போதும் சரி, பேட்டரில ஓடுற லாகர் தூங்கிட்டே இருக்கும், துடிப்பு வந்தா மட்டும் முழிச்சு நேரத்த எழுதிட்டு திரும்ப தூங்கும். நிமிஷத்துக்கு ஒருக்கா எழுந்து பாக்க வேண்டியது இல்லாததால ஒரு பேட்டரில மாசக்கணக்குல தாங்குது. வாய்க்கால் தலப்புலயும் கடமடைலயும் ரெண்டு டப்பா வெச்சு ரெண்டுக்கும் ஒரே பூஜ்யம் வேணும்னா ஜிபிஎஸ் மாட்யூல்ல செகண்டுக்கு ஒரு துடிப்பு வர்ற முனை இருக்கு, அத ரெண்டுலயும் டிரிகரா குடுத்தா நடுவுல வயரே இல்லாம மைக்ரோ செகண்டுக்குள்ள ரெண்டும் சேந்து நடக்கும்.

மூணாவது ராத்திரி எல்லாம் சரியா அமைஞ்சுது. எறங்கு விளிம்பு, ஃபில்டர், முன்னாடி 100 மில்லி செகண்ட், டைம்அவுட் இல்ல, ஒரு ரெக்கார்ட் முடிஞ்ச உடனே திரும்ப ஆர்ம். காலைல பாத்தா 14 ரெக்கார்ட். ஒரே ராத்திரில பதினாலு தடவ கெளம்பியிருக்கு, வோல்டேஜ் கொறைஞ்சு விழுந்து விழுந்து ஆட்டோ ஸ்டார்டர் திரும்ப திரும்ப போட்டிருக்கு. பெரியப்பா ராத்திரி ஒரு தடவதான் போகுதுன்னு நெனச்சுட்டு இருந்தாரு.

பதினாலையும் டிரிகர பூஜ்யமா வெச்சு ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கினேன். முதல் ரெண்டு பேஸ் எல்லா ரெக்கார்டுலயும் பூஜ்யத்துலேர்ந்து ஒண்ணு ரெண்டு மில்லி செகண்டுக்குள்ள வந்து நிக்குது. மூணாவது பேஸ் மட்டும் ஏழெட்டு ரெக்கார்டுல விட்டு விட்டு வந்து நாலஞ்சு சைக்கிள் கழிச்சுத்தான் பிடிக்குது, அது வர்ற வரைக்கும் மத்த ரெண்டு பேஸோட கரண்டும் ஒண்ணுக்கு ஒண்ணு கண்ணாடில பாத்த மாதிரி தலைகீழா சமமா இருக்கு, ஒண்ணு வழியா போனது இன்னொண்ணு வழியாத்தான் திரும்பணும்ங்கறதால. ரெண்டு ரெக்கார்டுல ரெண்டு செகண்டும் முடிஞ்சு போச்சு, மூணாவது பேஸ் வரவே இல்ல. ரெண்டு பேஸ்ல நிக்கிற மோட்டார் சுத்தாது, உறுமிட்டே பல மடங்கு கரண்ட இழுத்துட்டு நிக்கும். ஓவர்லோட் ரிலே (கரண்ட் ரொம்ப ஏறினா மோட்டார நிறுத்துறது) டிரிப் ஆக சில செகண்ட் எடுக்கும், ஆட்டோ ரீசெட்ல விட்டிருந்ததால அது ஆறின உடனே ஸ்டார்டர் மறுபடி போடும். ஸ்டார்டர்ல சிங்கிள் பேஸ் பிரிவெண்டர் (ஒரு பேஸ் இல்லன்னா மோட்டார ஓட விடாதது) இருந்துச்சு, ஆனா அது வோல்டேஜ பாக்குற வகை, காண்டாக்டருக்கு முன்னாடி சப்ளைல மூணு பேஸும் இருக்கான்னுதான் பாக்குது, சப்ளைல மூணும் ஒழுங்கா இருக்கு.

இத ஒரு தனி ரெக்கார்ட வெச்சு கண்டுபிடிச்சிருக்க முடியாது, ஏதோ ஒருக்கா வோல்டேஜ் ஆடுச்சுன்னு விட்டிருப்பேன். பதினாலுலயும் பூஜ்யம்னா ஆக்ஸிலரி காண்டாக்ட் ஒட்டின அந்த கணம்தான்னு நம்ப முடிஞ்சதாலதான், தள்ளி நிக்கிற ஒரே பேஸ் எதுன்னு கண்ணுக்கு தெரிஞ்சுது.

படத்த பிரிண்ட் எடுத்துட்டு கும்பகோணம் போனேன். அண்ணன் கண்ணாடிய மாட்டிக்கிட்டு ரொம்ப நேரம் பாத்தாரு, "கெளம்பும்போதுதான் போயிருக்கு தம்பி"ன்னாரு. அன்னைக்கு சாயங்காலமே எலக்ட்ரீஷியன வெச்சு காண்டாக்டர கழட்டி பாத்தோம். ரெண்டு பேஸ் முனைல வெள்ளி இன்னும் பளபளன்னு இருக்கு, மூணாவது முனை கருத்து குழி குழியா பொரிஞ்சு போயி பாதி தேஞ்சு கெடந்துச்சு. காண்டாக்ட் கிட் புதுசா மாத்தி, ரிலேய மேனுவல் ரீசெட்டுக்கு மாத்தி, ஆட்டோ ஸ்டார்டர்ல கரண்ட் வந்து நாலு நிமிஷம் நிலைச்சாதான் போடணும்னு டைமர வெச்சோம். பெரியப்பா அந்த பழைய முனைய கைல வாங்கி உருட்டி பாத்துட்டு, "இத்துனூண்டா?"ன்னு கேட்டுட்டு சட்டப் பையில போட்டுக்கிட்டாரு.